ஆள்காட்டிக்கு நட்ட கழி

சுவா சூ காங் வட்டாரத்தில் என்னைவிடப் பெரிய முட்டாள் யாராவது இருந்தால் அவரை நேரில் பார்த்துக் கை குலுக்க ஆசைப்படுகிறேன். ஒரு பறவையின் முட்டையைக் காப்பாற்றப் போய், தெரியாத்தனமாக அரசாங்க நிலத்தில் ஒரு சாமியைப் பிரதிஷ்டை செய்துவிட்டவன் நான். மேளம் இல்லை, பூசாரி இல்லை, கும்பாபிஷேகம் இல்லை. ஏர்கான் சர்வீஸ் சட்டையோடு, பாதி கடித்த வடையை வாயில் கவ்விக்கொண்டு நட்டேன். இந்த ஊரில் எச்சில் துப்புவதற்கே நாலு பக்கமும் பார்க்கவேண்டும். நான் கோயில் கட்டியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் காரணம் என் அக்கா. அப்படிச் சொல்வது அநியாயம்தான். ஆனால் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள்மேல் பழி போட்டே வளர்ந்தவன், விரல் தானாக அந்தப் பக்கம்தான் நீள்கிறது.

அக்கா மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சுவா சூ காங்கின் ஓரத்தில், ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டு நடைபாதையில் நின்றால் கீழே பெரிய பொட்டல்வெளி தெரியும். ஒரு காலத்தில் அங்கே தோட்டங்கள் இருந்தனவாம். பிறகு காடாகிப் போனது. பிறகு மரங்களை எடுத்தார்கள். வீடு கட்டும் நாளுக்காக நிலம் காத்துக் கிடந்த இடைவெளியில் இடுப்புயரத்துக்கு லாலாங் புல் வளர்ந்துவிட்டது. நான் அதை வெறும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டிருக்கிறார்களே, கார் நிறுத்த விட்டால் என்ன என்றுகூட ஒருநாள் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட நோயாளியைப் பார்க்கும் பார்வை அது.

வெறும் இடம் இல்லையாம். சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து புல் விதையைக் கொறிக்கின்றன. நெட்டைக்காலி தரையோடு தரையாக ஓடுகிறது. அந்தி நேரத்தில் பக்கிக் குருவி கிளம்புகிறது. மரத்தை வெட்டினால் பேப்பரில் எழுதுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள், புல்லுக்கு யார் அழுகிறார்கள் என்று அவள் கேட்டாள். என் வீட்டில் இருக்கும் ஒரே புல், வாசல் கால்மிதியின் பிளாஸ்டிக் புல்.

அக்கா முன்பு புக்கிட் பாத்தோக்கில் குடியிருந்தாள். வேலைக்குப் போகும் வழியில் ஒரு புல்வெளி. அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுவதைத் தினமும் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போனபோது கூடுகள் இருந்தன. சாயங்காலம் திரும்பியபோது செம்மண் இருந்தது. யாரும் குற்றவாளி இல்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. வீடு வேண்டுமென்று நாம்தானே வரிசையில் நிற்கிறோம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை: ஒரு கூட்டையாவது, முட்டையிலிருந்து குஞ்சு எழுந்து நடக்கிறவரை, முழுசாகப் பார்த்துவிட வேண்டும். ஓய்வூதியப் பணத்தில் முக்காலி வைத்த தொலைநோக்கி வாங்கி நடைபாதையில் நிறுத்தினாள். எதிர்ப் பிளாக்கில் திரைச்சீலை வியாபாரம் அமோகமாக நடந்திருக்க வேண்டும்.

அந்தத் தொலைநோக்கியில்தான் ஆள்காட்டிப் பறவை அகப்பட்டது. கறுத்த தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, மஞ்சள் கால். ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தித் தீர்க்கும். பொட்டலின் மூலையில், முன்பு கன்டெய்னர் ஆபீஸ் இருந்து எடுத்த இடத்தில், சரளைக்கல்லும் கட்டைப்புல்லுமாக ஒரு திட்டு. அங்கே வெறுந்தரையில் நாலு முட்டை. கூடு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்திய மாதிரி ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஏர்கான் பெட்டியை நான் மாட்டுவதைவிட அலட்சியமாகக் கட்டியிருந்தது.

அக்கா சும்மா இருக்கவில்லை. கட்டட வேலை எடுத்திருக்கும் கம்பெனியின் தள மேலாளரைத் தேடிப் போய்ப் பேசினாள். அவர் கெட்டவர் இல்லை. குஞ்சு வெளியே வரும்வரை அந்த மூலைக்குத் தடுப்பு வராது, புல் வெட்டுபவர்கள் தொடமாட்டார்கள், ஆனால் இடத்தை நீங்களே அடையாளம் வைக்கவேண்டும், எந்தப் பிரச்சினையும் வரக்கூடாது, வந்தால் உடனே அடைத்துவிடுவேன் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து எனக்குப் போன் செய்தாள். ஹார்ட்வேர் கடையில் ஆரஞ்சுநிற பிளாஸ்டிக் டேப் ஒரு சுருள், நாலு இரும்புக் குச்சி. கூட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி நடவேண்டும், இல்லையென்றால் காக்காய்க்கு நாமே வழிகாட்டின மாதிரி ஆகிவிடும். முட்டை இருக்கிற விஷயம் யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு படையே வந்துவிடும். எல்லாம் தெளிவாகத்தான் சொன்னாள்.

நான் அப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் ஏர்கானைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஹார்ட்வேர் கடைக்கு நடக்கவேண்டும். பூஜை சாமான் கடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாசலில் மஞ்சள் துணி தொங்கியது, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். டேப் என்ன, துணி என்ன, தூரத்திலிருந்து தெரிந்தால் சரி. ஒன்றரை மீட்டர் கிழித்துத் தரச் சொன்னேன். எந்தக் கோயிலுக்கு என்று கடைக்காரர் கேட்டார். புதுசா ஒண்ணு கட்டுறேன் என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

இரும்புக் குச்சிக்கும் அலையவில்லை. வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்று பிளந்து கிடந்தது. அதைப் பாதியாக அறுத்து, உச்சியில் மஞ்சள் துணியைக் கட்டி, ஒரே கழியாக நட்டேன். தரை இறுகிப்போயிருந்ததால் ஆடியது. ஆடாமலிருக்க அடியில் மூன்று கல்லை முட்டுக்கொடுத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. கழி, உச்சியில் மஞ்சள் துணி, அடியில் மூன்று கல். சின்ன வயதிலிருந்து கோயில் கோயிலாகப் போகிறவன், அது என்ன மாதிரித் தெரிகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

புல் வெட்டும் லாரி வந்த அன்று அக்காவே அசந்துபோனாள். வெட்டுகிறவர்கள் எல்லாம் தமிழ்நாட்டுத் தம்பிகள். தோளில் மிஷினைத் தொங்கவிட்டுக்கொண்டு மைதானம் முழுக்கச் சிரைத்தெடுத்தவர்கள், அந்த மூலைக்கு வந்ததும் மிஷினை அணைத்தார்கள். கழியைச் சுற்றி நான் நினைத்ததைவிடப் பெரிய வட்டமாகப் புல்லை விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் பூட்ஸைக்கூடக் கழற்றினாராம். எவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று அக்கா நெகிழ்ந்தாள். என் மார்க்கிங் அப்படி என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அடுத்த தடவை போனபோது கல்லில் குங்குமம். அதற்கடுத்த தடவை எலுமிச்சம்பழம், ஊதுபத்தி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலை. அக்காவின் பிளாக்கில் இருக்கும் ஒரு சீன ஆன்ட்டி இரண்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டு, இந்தச் சாமி ஃபோர்-டி லாட்டரிக்கு நம்பர் கொடுக்குமா என்று என்னிடமே விசாரித்தார். கற்பூரம் ஏற்றிய கரியும் தெரிந்தது, காய்ந்த லாலாங்குக்கு நடுவே. வாழைப்பழத்துக்கு மைனா வந்தது. மைனாவுக்குப் பின்னால் காக்காய் வந்தது. ஒவ்வொரு முறை யாராவது கும்பிட வரும்போதும் ஆள்காட்டி முட்டையை விட்டு எழுந்து கத்திக்கொண்டு வட்டமடித்தது. மேலே வெயில், கீழே சரளைக்கல். அது திரும்பி வந்து உட்காரும்வரை அக்கா நடைபாதையில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். உட்கார்ந்ததும் எனக்குப் போன் வரும். அவள் திட்டியது முழுவதையும் இங்கே எழுத முடியாது.

நான் ஒரு போர்டு வைத்தேன். ஏர்கான் அட்டைப்பெட்டியைக் கிழித்து, முட்டை என்ற சொல்லே வராமல், ‘தயவுசெய்து யாரும் நெருங்க வேண்டாம்’ என்று எழுதினேன். கூட்டம் இரண்டு மடங்காயிற்று. துடியான சாமி போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம். அதுவரை அம்மனாக இருந்தது அன்றைக்கு முனியாகிவிட்டது.

அந்த நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூன் லேயில் ஏணி மேல் நின்றுகொண்டு புல்வெளியைப் பற்றி யோசிப்பேன். ஒரு வீட்டில் கழுவின ஃபில்டரை இன்னொரு வீட்டில் மாட்டிவிட்டு வந்தேன். இரண்டு வேலைக்கு நடுவில் வேனைத் திருப்பிப் போய்ப் பார்ப்பேன். போனால் பறவை எழுந்துவிடும் என்பதால் தூரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்புவேன். கழியைப் பிடுங்கினால் அடுத்த முறை மிஷின் முட்டை மேலே ஏறும். பிடுங்காவிட்டால் பக்தர்கள் ஏறுவார்கள். இதற்கிடையில் தள மேலாளர் திங்கட்கிழமை பார்வையிட வருவதாக அக்காவுக்குச் சொல்லியனுப்பினார். பிரச்சினை வரக்கூடாது என்றவர் வந்து பார்த்தால், மாலை போட்ட பிரச்சினை ஒன்று ஊதுபத்தியோடு நிற்கும்.

புல் வெட்டும் குழுவுக்கு ஒரு சூப்பர்வைசர் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம், முப்பத்தைந்து வயதிருக்கும். லாரி நிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“தம்பி, அது சாமி இல்லப்பா. என் வீட்டுத் துணிக் கழி.”

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே. நட்டது நீங்களா இருக்கலாம். வந்து உக்காந்தது யாருன்னு நமக்குத் தெரியுமா?”

வேறு வழியில்லாமல் முட்டை விஷயத்தைச் சொன்னேன். அவர் அதை நம்பினார், பாவம் என்றார். ஆனால் கழியைப் பிடுங்குவதற்கு மட்டும் மசியவில்லை. அவர் ஆட்களில் ஒருவருக்கு வேலை பெர்மிட் முடியப்போகிறதாம், நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் இருந்தாராம். அந்தக் கல்லுக்கு முன்னால் வேண்டிக்கொண்ட வாரத்திலேயே நீட்டித்துவிட்டார்களாம். இனி அதை நான் துணிக் கழி என்று சொன்னால் யார் கேட்பார்கள்? எனக்கே அந்தக் கழியைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கத் தோன்றியது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சாமி கிளம்பச் சம்மதம். நான் அதை என் வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கேற்ற வேண்டும். குருவிக்கு அக்கா சொன்ன டேப்பைக் கட்டிக்கொள்ளலாம், பையன்கள் அதைத் தொடமாட்டார்கள். சிவப்பு வந்தால் சாமி இங்கேயே. அதற்குமேல் யாரும் எதுவும் பேசக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லிட்டில் இந்தியா போய்ப் பூ வாங்கினேன். மல்லி கொஞ்சம், செவ்வரளி கொஞ்சம். வேனுக்குள் உட்கார்ந்து வாழையிலைத் துண்டில் மடிக்க ஆரம்பித்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்கா நடைபாதையில் நிற்கிறாள். நாளைக்கு மேலாளர் வருகிறார். செவ்வரளியை அப்படியே டேஷ்போர்டு பெட்டிக்குள் தள்ளிவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் மல்லியை வைத்தேன். நானே உண்டாக்கின சாமியை நானே ஏமாற்றுகிறேன், இதில் மூன்றாம் மனிதருக்கு என்ன வழக்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சூப்பர்வைசரும் நாலைந்து தம்பிகளும் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார்கள். பெர்மிட் கிடைத்தவர் செருப்பை ரோட்டோரமே விட்டுவிட்டுச் சுடுகல்லில் வெறுங்காலோடு நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க நான் வானத்தைப் பார்த்தேன். வானத்தில் ஆள்காட்டி கத்திக்கொண்டிருந்தது. காதில் போனுக்குள் அக்கா.

“அது எழுந்து ரொம்ப நேரமாச்சு. முட்டையெல்லாம் வெயில்ல கெடக்குதுடா. சீக்கிரம் முடிங்க லா.”

யார் பொட்டலம் எடுப்பது என்ற கேள்வி வந்தது. எந்தப் பக்கமும் சேராத ஆள் எடுக்கவேண்டும். சீன ஆன்ட்டி ஆரஞ்சுப் பையோடு சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார். விளக்கியதும் மகிழ்ச்சியாக ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். சூப்பர்வைசர் பிரித்தார். மல்லி. தம்பிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் இன்னொரு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடக் கையை நீட்டினேன். அதற்குள் ஆன்ட்டி அதையும் எடுத்துப் பிரித்துவிட்டார்.

“வாஹ், டூ ஆல்சோ சேம். யுவர் காட் வெரி ஷுவர் லா.”

தூரத்தில் எல்ஆர்டி ரயில் ஒன்று ஊர்ந்துபோனது. அது கண்ணுக்கு மறையும்வரை சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெர்மிட் கிடைத்தவர் கைகூப்பியபடி இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசர் அவர் பக்கம் திரும்பினார்.

“ரெண்டுமே வெள்ளைடா. சாமி கெளம்பத் தயாரா இருக்கு.” என்னிடம், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “தூக்குங்கண்ணே. வெளக்கு மட்டும் மறந்துறாதீங்க” என்றார்.

தூக்கினேன். மூன்று கல்லையும் தம்பிகளே துண்டில் கட்டி வேனில் வைத்தார்கள். கேஸ் சிலிண்டருக்கும் காப்பர் குழாய்க்கும் நடுவில் சாமி புறப்பட்டது. நாலு இரும்புக் குச்சி நட்டு ஆரஞ்சு டேப்பைச் சுற்றி முடிப்பதற்குள் அக்கா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். நாங்கள் விலகியதும் ஆள்காட்டி இறங்கி, நின்று, எங்களைப் பார்த்து மறுபடி ஒரு தடவை கத்திவிட்டு, முட்டை மேல் உட்கார்ந்தது.

வீட்டில் கழியைச் சமையலறை ஜன்னலோரம் மற்றத் துணிக் கழிகளோடு சாய்த்து வைத்தேன். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இனிமேல் இதில் துணி காயப்போடலாமா கூடாதா? விளக்கு ஏற்றுகிறேன். ஏமாற்றியதற்குத் தண்டனையோ என்னவோ, எங்கள் வீட்டு ஏர்கான்தான் அந்த வாரம் நின்றது.

திங்கட்கிழமை மேலாளர் வந்தார், டேப்பைப் பார்த்தார், தலையசைத்துவிட்டுப் போனார். பிறகு தடுப்புத் தகடு ஒவ்வொன்றாக எழும்ப ஆரம்பித்தது. பொட்டலின் மறுகோடியில் அஸ்திவாரத் தூண் இறக்கும் பைலிங் மிஷின் இடிக்க இடிக்க, என் வேனின் கண்ணாடி கிலுகிலுத்தது. முட்டைக்குள் இருப்பதற்கு எப்படி இருக்குமோ. அக்கா தூக்கத்தைக் குறைத்துவிட்டாள். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள், எடுத்தால் ‘இன்னும் இல்ல’ என்று வைத்துவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் முட்டை வெந்துபோயிருந்தால்?

ஒரு காலை, புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீட்டு வாசலில் ஏணியை விரித்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். வா என்றாள், அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் உதிரிபாகம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஏணியை அவர் வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

அக்கா முதல்முறையாகத் தொலைநோக்கியைக் கீழே கொண்டுவந்து, ரோட்டோரத்தில் முக்காலியை ஊன்றியிருந்தாள். என்னைக் குனியச் சொன்னாள். முதலில் கல்தான் தெரிந்தது. பிறகு ஒரு கல் நடந்தது. பஞ்சு உருண்டைக்கு ஒட்டவைத்த மாதிரி நீளக் கால். அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது தட்டுத்தடுமாறி டேப்புக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. தாய் முன்னால், தகப்பன் பக்கவாட்டில், குடும்பமே கால்வாயோரத்தில் வெட்டாமல் விட்ட லாலாங்கை நோக்கிக் கிளம்பியிருந்தது. நாலாவது முட்டை பள்ளத்திலேயே கிடந்தது. அதை இருவரும் பார்த்தோம்.

நடுவில் வெட்டவெளி. ஒளிய ஒரு கட்டைப்புல்கூட இல்லாமல் சிரைத்த தரை. தூரத்தில் மிஷின் போட்டுக்கொண்டிருந்த தம்பிகள் ஒவ்வொருவராக அணைத்துவிட்டு நின்றார்கள். குஞ்சுகள் நாலு எட்டு ஓடும், தரையோடு ஒட்டிப் படுக்கும், மறுபடி ஓடும். கால்வாய்வரை போய்விட்டால் பிழைத்தன. அதற்கப்புறம் அந்த லாலாங் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது வேறு கேள்வி. அக்கா முக்காலியை விடாமல் பிடித்திருந்தாள். இத்தனை வருட ஆசை, பாதித் தூரம் நடந்திருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் நான் ஏதாவது உளறுவது வழக்கம்.

“அப்பாடா. இனிமேலாச்சும் நிம்மதியா தூங்குவியாக்கா?”

அவள் திரும்பவே இல்லை.

“காக்கா வருது, கையத் தட்டு.”